ஒரு வார்த்தை விடாமல்

பேச்சியம்மாவின் புருஷன் குடிக்கமாட்டான். கை நீட்டமாட்டான். அடுத்த வீட்டுப் பெண்ணை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். கண்டிக்குப் பக்கத்து வத்தேகம மார்க்கட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "பேச்சி குடுத்து வச்சவ" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்கள். பெருமூச்சுக்கென்ன, காசா பணமா? அந்த வீட்டுக்குள்ளே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை.

ராஜலிங்கம் யுத்தம் முடிகிற வரைக்கும் ஆமியில் இருந்தவன். தேயிலைத் தோட்டத்துப் பரம்பரையில் வந்த தமிழனுக்கு ஆமியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். துவக்குத் தூக்குகிற வேலை கொஞ்சம்தான். டவுனில் சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன் என்பதால் அவனுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. அதைக் கண்டுபிடித்து, வடக்கே ஒரு முகாமில், ஓர் அறைக்குள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு கதிரையில் கேள்வி கேட்கிற அதிகாரி, எதிரில் பிடித்துக்கொண்டு வந்த ஆள், பக்கத்தில் ராஜலிங்கம். அதிகாரி சிங்களத்தில் கேட்பதை இவன் தமிழில் கேட்பான். அந்த ஆள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வான். அந்த ஆள் 'எனக்கு வலிக்கிறது' என்றால் இவனும் 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவனுக்கு வலிக்கிறதாம்' என்று சொன்னால் அது வேலை தெரியாதவன் செய்கிற வேலை. அந்த ஆள் அழுதுகொண்டு சொன்னாலும் இவன் அழாமல் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, ஒரு வார்த்தை குறையவும் கூடாது.

இதெல்லாம் கல்யாணமான புதிதில் அவனே பெருமையாகச் சொன்னது. அந்த அறையில் வேறு என்ன நடந்தது என்று மட்டும் அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து வீட்டோடு வந்து சேர்ந்ததும் ஒரு ஹாட்வெயார் கடையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. பேச்சியம்மா மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்றப் பெண்களின் புருஷன்மார் வீட்டுக்கு வந்தால் டீவியைப் போட்டுக்கொண்டு உம்மென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இவன் என்னடாவென்றால் கதிரையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறான். கடைக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய். எந்தப் புருஷன் இப்படிக் கேட்கிறான், சொல்லுங்கள்.

ஆனால் அதையே மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த வாரமும் கேட்டான். முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் நடுவே நூலளவு வித்தியாசம் இருந்தால் போதும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான்.

"மழைக்கு முந்தி கடைய மூடினோம்னு திங்கக்கெழம சொன்ன. இப்ப மழைக்குப் பொறகுங்கிற."

"ஞாபகம் இல்லைங்க."

"ஞாபகம் வரும். அவசரமில்ல. மெதுவா சொல்லு."

குரல் உயராது. முகம் மாறாது. அடுப்பில் சோறு குழைந்து, பக்கத்து வீட்டில் விளக்கணைத்துப் படுத்த பிறகும் அவன் பொறுமையாக உட்கார்ந்திருப்பான். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சியம்மாவுக்குத் தெரியவில்லை. அடித்தால் அடிக்கிறான் என்று சொல்லலாம், குடித்தால் குடிக்கிறான் என்று சொல்லலாம். என் புருஷன் என்னோடு பேசுகிறார் என்று யாரிடம் போய் முறையிடுவது? கேட்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கமாட்டாளா? அதனால் யாரிடமும் சொல்லாமல் மென்று முழுங்கினாள்.

பிறகு அவன் பிள்ளையிடம் ஆரம்பித்தான்.

மகள் லோகினி இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு அவள்தான் முதலில் வீட்டுக்கு வருவாள், பிறகு அவன் வருவான். தாய் வர நேரமாகும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பது பேச்சியம்மாவுக்கு ஒரு அடைமழை நாளில்தான் தெரிந்தது. கடைக்கு லைனிங் துணி எடுக்கக் கண்டிக்குப் போனவள், மடவளைப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றதால் பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தாள். பிள்ளை கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுன் இன்னும் மேலில் இருந்தது. கதிரைக்குக் கீழே ஈரம். உதடு காய்ந்துபோய், "அம்மா மாமாகிட்ட போன்ல சொன்னாங்க... அம்மா மாமாகிட்ட போன்ல சொன்னாங்க..." என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே ராஜலிங்கம், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, மிச்சம் வரட்டும் என்று காத்திருந்தான்.

பேச்சியம்மா பிள்ளையை வாரி எடுத்தாள். அவன் தடுக்கவில்லை.

"நான் அடிக்கலியே," என்றான். "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

மறுநாள் விடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் போய்த் தம்பி செல்லச்சாமியின் வீட்டில் விட்டாள். அவன் அங்கே தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவன், பெண்டாட்டியும் நல்ல மாதிரி. ஏன் என்று தம்பி கேட்டதற்கு, "இங்க ஸ்கூல் நல்லம்னு சொன்னாங்க" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். கட்டினவன் குறையைப் பிறந்த வீட்டில் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. என்ன குறை என்று சொல்வது என்றும் தெரியவில்லை. இந்த மானம் மரியாதை எல்லாம் யாருக்குச் சோறு போட்டது? ஆனாலும் சொல்லவில்லை. பிள்ளை அங்கே போய், முதலில் பேசாமல் கிடந்து, பிறகு மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தாள். அது போதும் என்று பேச்சியம்மா இருந்தாள்.

பிள்ளை எப்போது வருவாள் என்று ராஜலிங்கம் கேட்டான். எங்கிருந்து வந்த தைரியமோ, "நீங்க மாறினாப் பொறகு" என்று சொல்லிவிட்டாள். அவன் கோபிக்கவில்லை. யோசித்தான். ஒரு வாரம் கழித்து, கண்டியில் ஆமிக்காரர்களுக்கும் அவர்கள் பெண்டாட்டிமாருக்கும் வகுப்பு வைக்கிறார்களாம், புருஷன் பெண்டாட்டி எப்படிப் பேசுவது, எப்படிப் புரிந்துகொள்வது என்றெல்லாம் சொல்லித்தருவார்களாம் என்று வந்து நின்றான்.

"ரெண்டு பேரும் போவோம். கடைசியில கிளாஸ் எடுக்குற மிஸ் என்ன சொல்றாங்களோ அதக் கேப்போம். புள்ளைய கூட்டிட்டு வரலாம்னா கூட்டிட்டு வருவோம். வேணாம்னா வேணாம். சரியா?"

அவள் சரி என்றாள். சொன்னதற்குக் காரணம் இருந்தது. ராஜலிங்கம் யாருக்கும் அடங்காதவன் அல்ல, மேலே இருக்கிறவர்கள் சொன்னால் மறு பேச்சுப் பேசாதவன். அது அவனுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. மிஸ் என்கிற ஒருத்தி 'பிள்ளை இப்போதைக்கு வர வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் புசல்லாவைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் அவள் பஸ் ஏறினாள்.

வகுப்பு சனிக்கிழமை காலையில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மாடியில் நடந்தது. வந்திருந்தவர்கள் முக்கால்வாசி சிங்களச் சோடிகள். கால் போனவர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அலவத்துகொடயிலிருந்து லாபிர் என்று ஒருவர், ஆமியில் லொறி ஓட்டியவர், மனைவி ஜெஸீமாவோடு வந்திருந்தார். மிஸ்ஸின் பெயர் நிலந்தி. நல்ல மனுஷி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாரையும் வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றாள், வந்தவர்களுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி கொடுத்தாள். கெட்டவர்கள் செய்கிற கெடுதலுக்காவது நாம் முன்கூட்டியே தயாராக இருப்போம்.

வகுப்பு சிங்களத்தில். பேச்சியம்மாவுக்குச் சிங்களம் மார்க்கட்டில் மரக்கறி வாங்குகிற அளவுக்குத் தெரியும். மற்றவர்கள் பேசினால் பாதி விளங்கும், தான் பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்வது என்று மிஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், ராஜலிங்கம் எழுந்து நின்றான்.

"நான் சொல்கிறேன் மிஸ். ஆமியில் என் வேலையே அதுதான்."

மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. "எவ்வளவு நல்லது," என்றாள். பெண்டாட்டி சொல்வதைப் புருஷன் வாயாலேயே கேட்பது. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. லாபிர் ஒரு மூலையில் இருந்தார், ஜெஸீமா இருந்தாள், இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் தொழிலாகவே செய்தவன் ஒருவன் கையைத் தூக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்?

பாடம் இதுதான். சோடிகள் கதிரையைத் திருப்பிப்போட்டு முழங்காலுக்கு முழங்கால் முட்டுகிற மாதிரி எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, தலையாட்டி மறுக்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. சொல்லி முடித்ததும், காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். சரியா என்று கேட்க வேண்டும். பிறகு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஊன்றுகோல்காரர் மனைவி இரண்டு வரி பேசுவதற்குள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டு வெளியே போய் சிகரட் பற்றவைத்தார். லாபிர் கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போனார். ஜெஸீமா அவர் தொடையில் தட்டி, "நான் என்ன செல்லின?" என்று கேட்டதற்கு, "ஹா, எல்லாம் சரி" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. ஏனென்றால் அவள் எதிரே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து, கையை முழங்காலில் வைத்து, வேலைக்குத் திரும்பினவன் மாதிரி இருந்தான்.

அவள் ஏதோ சொன்னாள். காலையில் தேங்காய் துருவும்போது கை வெட்டிக்கொண்டதைப் பற்றி என்று நினைக்கிறேன், பயத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை. அவன் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் அவளுக்கும் சிங்களத்தில் மிஸ்ஸுக்கும் சொன்னான். அவள் எங்கே நிறுத்தி மூச்சு விட்டாளோ அங்கே அவனும் நிறுத்தினான். பிறகு, "வேற ஏதாவது இருக்கா?" என்றான்.

மிஸ் அசந்துபோனாள். எல்லாரையும் கூப்பிட்டு, "பாருங்கள், கேட்பது என்றால் இப்படி" என்று காட்டினாள். கைதட்டினார்கள். பேச்சியம்மா முழங்காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மிஸ் வீட்டுப்பாடமும் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் இதே மாதிரி உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டுமாம். செய்தானே, அடேயப்பா, எப்படிச் செய்தான்! முன்பெல்லாம் அவன் கேட்பதற்கு அவன்தான் பொறுப்பு. இப்போது மிஸ் சொன்னது. வேலை விட்டு வந்து கைகால் கழுவினதும் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளுவான், இரண்டு கதிரைகளை எதிரெதிரே போடுவான். அவள் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான், வேற என்று கேட்பான். ஒன்றும் இல்லை என்றால் காத்திருப்பான். காத்திருப்பதில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. கடைசியில் அவளே எதையாவது சொல்லித் தொலைப்பாள்.

அவள் தையல் கடையில் வாடிக்கைக்காரர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசினால் சொல்ல வேண்டும், சொன்னால் நினைவில் வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் எழுந்து நின்றுகொண்டாள். மெஷின் மிதிக்கும்போது உதடு தானாக அசைவதைக் கண்டு கடைக்காரர் சேதுராமன், "என்னம்மா, மந்திரம் ஏதும் சொல்றியா?" என்று கிண்டலடித்தார். அவள் அன்றைய சாயங்காலத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் எல்லாருக்கும் முன்மாதிரி இவர்கள்தான். தேத்தண்ணி நேரத்தில் ஒருநாள் ஜெஸீமா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள நீங்க பேசுறத திருப்பிச் செல்லக்குள்ள எனக்கு மேல் கூசுது. எங்கட மனிசன் தூங்கிப் போறாரு, பரவால்ல. அவருக்கு காது கேக்காட்டியும் மனசு இரிக்கிது."

கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நின்று ராஜலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவன் முதலில் கேட்டது, அலவத்துகொட அம்மா என்ன சொன்னாள் என்பதைத்தான்.

கடைசி வகுப்புக்கு முந்தின நாள், மிஸ் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லக் கஷ்டமான ஒன்றை, நாளைக்குச் சபையில் சொல்ல வேண்டும். பேச்சியம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மிஸ்ஸின் காதில் விஷயத்தைப் போட இதைவிட்டால் வேறு வழியில்லை. போடுவதும் இவன் வாய் வழியாகத்தான் போட வேண்டும். இவன் அதை மாற்றிச் சொல்லிவிட்டால்?

மாற்றமாட்டான். அவனிடத்தில் அவள் நம்பினது அந்த ஒன்றைத்தான். பத்து வருஷத்துக்கு மேலாக வார்த்தை மாறாமல் சொன்னவன். அவனுக்கு அதுதான் மானம். போகிற வழியில் பஸ்ஸில் அவனே சொன்னான்: "நீ என்ன சொல்லணும்னு நெனைக்கிறியோ சொல்லு. நான் மாத்தமாட்டேன்."

சபை கூடினது. இவர்கள் முறை வந்ததும் பேச்சியம்மா கதிரையில் உட்கார்ந்தாள். மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு இவரப் பாத்தா பயமா இருக்கு."

"மட்ட மெயாவ தெக்காம பயய்," என்றான் ராஜலிங்கம், அதையே சிங்களத்தில், சபையைப் பார்த்து.

"இவரு என்னய தினமும் உக்கார வச்சு கேள்வி கேக்குறாரு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்றாரு. தப்புச் சொன்னா விடமாட்டாரு. என் புள்ளையையும் அப்படித்தான் உக்கார வச்சாரு. புள்ள கதிரையிலேயே ஒண்ணுக்குப் போயிருச்சு. அப்பவும் எந்திரிக்க விடல. அதனாலதான் புள்ளைய தம்பி வீட்டுல விட்டேன். கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததையும் இவரு அதுக்குத்தான் பாவிக்கிறாரு. மிஸ், புள்ளைய கூட்டிட்டு வரச் சொல்லாதீங்க. இவருகிட்ட வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

வரிக்கு வரி அவன் சொன்னான். அவளுக்கு விளங்கின சிங்களத்துக்கு எட்டினவரை ஒரு சொல்லைக்கூட அவன் விடவில்லை. 'பிள்ளை' என்கிற இடத்தில் குரல் தழுதழுக்கவில்லை, 'விடவில்லை' என்கிற இடத்தில் தடுமாறவில்லை. தெளிவான, நிதானமான, ஆண்பிள்ளைக் குரலில் அத்தனையும் சபைக்குள் போய் விழுந்தது.

சொல்லி முடிந்ததும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேச்சியம்மா பார்த்தாள். மிஸ்ஸின் கண் நிறைந்திருந்தது. அப்பாடா என்று அவள் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகினது.

மிஸ் எழுந்து வந்து ராஜலிங்கத்தின் தோளில் கை வைத்தாள்.

"எத்தனை ஆண்கள் இதைச் செய்வார்கள்?" என்று சபையைக் கேட்டாள். "தன்னைப் பற்றித் தன் மனைவி சொன்னதை, இத்தனை பேர் முன்னால், ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் குறைக்காமல், தன் வாயாலேயே சொல்கிற ஆண் எத்தனை பேர்? இவர் கோபப்பட்டாரா? மறுத்தாரா? இவர் கேட்டார். கேட்கிற மனிதன் மாறிவிட்ட மனிதன்." பிறகு பேச்சியம்மாவின் பக்கம் திரும்பி, கன்னத்தைத் தொட்டு, மெதுவாக ஏதோ சொன்னாள்.

ராஜலிங்கம் அதையும் மொழிபெயர்த்தான். "பயம் போக நாளாகும். ஆனா இந்த வீட்டுல இனி பயப்பட ஒண்ணுமில்ல. உங்க மகளக் கூட்டிட்டு வாங்க."

"எப்பா, மிஸ்," என்றாள் பேச்சியம்மா. வேண்டாம் என்பதற்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல். கைதட்டலில் அது எங்கே கேட்டது? கேட்டிருந்தாலும் மிஸ் அவளைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள், இப்போது கட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே.

கைதட்டாமல் இருந்தது ஜெஸீமா ஒருத்திதான். எல்லாரும் கலைந்து படி இறங்கும்போது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக மிஸ்ஸிடம் போனாள். கையை ஆட்டி ஆட்டிச் சிங்களத்தில் பேசினாள். மிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ஜெஸீமா திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் நல்லா எடுத்துச் செல்லிப் பாத்தன் தங்கச்சி. 'நீங்க செல்றதெல்லாம் அவரே செல்லிட்டாரே, அவர் ஒண்டையும் மறைக்கல்லயே' எண்டு செல்றா. இதுக்கு மேல நான் என்னத்தச் செல்ல?"

கீழே ராஜலிங்கம் காத்திருந்தான். அவனுக்கு அன்றைக்கு மனது நிறைந்திருந்தது, முகத்திலே தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் நின்று, வெளியே அடுக்கியிருந்தவற்றைத் தட்டிப் பார்த்து, சின்னப் பிள்ளைகள் உட்காருகிற நீலக் கதிரை ஒன்றை வாங்கினான். கால் தரையில் பாவுகிற உயரம். வத்தேகம போய்ச் சேரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்டுக் கிழவர், "மகளுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், நாளைக்கு வருகிறாள் என்றான்.

வீட்டுக்குள் வந்ததும் மேசையைச் சுவரோரம் தள்ளினான். பெரிய கதிரைகள் இரண்டையும் வழக்கம்போலப் போட்டுவிட்டு, நீலக் கதிரையை இரண்டுக்கும் நடுவே வைத்து, கொஞ்சம் பின்னால் இழுத்து, தள்ளி நின்று பார்த்தான். பேச்சியம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உக்காரு என்றான். உட்கார்ந்தாள். செல்லச்சாமியின் நம்பரை அழுத்தி, லவுட்ஸ்பீக்கரில் போட்டு, போனை அந்த நீலக் கதிரையின்மேல் வைத்தான்.

"சொல்லுங்க மச்சான்."

"கிளாஸ் முடிஞ்சிருச்சு. மிஸ் சொல்லிட்டாங்க. நாளைக்கு புள்ளைய கூட்டிட்டு வந்துரு."

"அப்படியா, சந்தோசம் மச்சான். காலையிலேயே ஏறிர்றோம். இப்ப நல்லா சாப்பிடுறா. பக்கத்து லயத்துப் புள்ளைங்களோடதான் எந்நேரமும் ஆட்டம். அக்கா இருக்கா?"

"இருக்கு. பேசு."

போனுக்குள்ளே, தம்பிக்குப் பின்னால் எங்கேயோ, பிள்ளைகள் கூச்சல் போடுகிற சத்தம் கேட்டது. அதில் எது லோகினியின் குரல் என்று பேச்சியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மிஸ் போனாள், வகுப்பு போனது, மேலே இருந்து வர வேண்டிய அந்த ஒரு வார்த்தையும் போனது. நாளைக்கு இந்நேரம் பிள்ளை இந்த நீலக் கதிரையில் இருப்பாள். நிமிர்ந்து எதிரே இருந்தவனைப் பார்த்தாள். அவன் கேட்கத் தயாராக இருந்தான்.

"தம்பி, புள்ளைய அனுப்பாத."

"என்னக்கா?"

"ஸ்கூலுக்காக விட்டேன்னு சொன்னேன்ல. அது பொய். இங்க இருந்தா புள்ள செத்துரும். இவரு கதிரையில உக்கார வச்சு கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு. விடியிற வரைக்கும் கேப்பாரு. புள்ள ஒண்ணுக்குப் போயி அதுலேயே உக்காந்திருந்துச்சு. என்னயும் அப்படித்தான். உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. இவரே வந்தாலும் குடுக்காத."

ராஜலிங்கம் குறுக்கிடவில்லை. அவள் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் பொறுத்தான். பிறகு போனுக்குக் கிட்டே குனிந்து, படித்த பாடத்தின்படி, திருப்பிச் சொன்னான்.

"'தம்பி, புள்ளைய அனுப்பாத. ஸ்கூலுக்காக விட்டேன்னு சொன்னேன்ல. அது பொய். இங்க இருந்தா புள்ள செத்துரும்...'"

கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னான். மிஸ்ஸைக் கண் கலங்க வைத்த அதே குரல். ஆனால் செல்லச்சாமி அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன். அக்கா விக்கி விக்கிச் சொன்னதை இந்தக் குரல் விக்காமல் சொன்னபோது அவனுக்கு எல்லாம் விளங்கிப்போனது. பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா." செல்லச்சாமியின் குரல் மாறியிருந்தது. "புள்ள எங்கயும் வராது. நான் வர்றேன். நீ கதவத் தொறந்து போட்டுட்டு வாசல்ல வந்து நில்லு. உள்ள இருக்காத. மச்சான், நீங்க அக்காமேல கை..."

ராஜலிங்கம் போனை அணைத்தான்.

எழுந்து போனான். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் இவனைப் பார்த்துச் சிரித்தாள், இவனும் சிரித்தான். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான். புசல்லாவையிலிருந்து தம்பி வருவதென்றால் கண்டிக்கு ஒரு பஸ். கண்டியில் இறங்கி வத்தேகமவுக்கு இன்னொரு பஸ். சனிக்கிழமை என்றால் வழியில் கம்பளை நெரிசலிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

திரும்பி வந்து, நீலக் கதிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் கதிரையை அவள் முழங்காலுக்குக் கிட்டே இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"ஸ்கூலுக்காகன்னு தம்பிகிட்ட பொய் சொன்னியே," என்றான் நிதானமாக. "அத மொதல்ல இருந்து சொல்லு."

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை வரமாட்டாள். இனி இவன் எத்தனை தடவை கேட்டாலும், எதைக் கேட்டாலும், அவள் தைரியமாகச் சொல்லலாம்.

"சொல்றேன்," என்றாள். "கேளுங்க."